அறுபத்தொரு தடவை நீ தூங்கிவிட்டாய்

பாப்பா,

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். நீ பிறந்து முந்நூற்றொன்பது நாள் ஆகிறது. கடந்த இருபத்து மூன்று நாளில் உன் காதை நான் நூற்றுப் பன்னிரண்டு தடவை சோதித்திருக்கிறேன். நீ திரும்பிப் பார்த்தது நான்கு தடவை. திரும்பாமல் இருந்தது நாற்பத்தேழு தடவை. பாதியில் தூங்கிவிட்டது அறுபத்தொரு தடவை. எல்லாம் நோட்டில் இருக்கிறது. இன்று காலை பதினொன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற ஒரு அம்மா, உனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. நேற்று வரை என் கை பேனாவைப் பிடித்தால் கோடு போட்டு எண்தான் எழுதும்.

இந்தக் கடிதத்தை இப்போது கொடுத்தால் நீ வாயில் வைத்துக்கொள்வாய். வேலைக்கோ, கல்யாணமாகியோ, சண்டை போட்டுக்கொண்டோ நீ இந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற அன்று கொடுப்பதாக உத்தேசம். அப்பன்கள் இப்படிப்பட்ட கடிதத்தை முடி நரைத்த பிறகு எழுதுவார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. முடி நரைப்பதற்குள் நான் செய்த தப்பை எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொண்டுவிடுவேன். சூடு ஆறுவதற்குள் எழுதினால்தான் உள்ளபடி வரும்.

முதலில் நான் என்ன செய்கிறவன் என்று சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். வேங்கிக்கால் அலுவலகங்களில் யுபிஎஸ், இன்வெர்ட்டர், பேட்டரி பார்ப்பது வேலை. வீட்டுக்கு வந்தால் கிட்டார். அது சாதாரண கிட்டார் இல்லை. தந்திகளுக்கு அடியில் மெல்லிய பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். எந்தத் தந்தி எந்தச் சுரத்தில் அதிர்கிறது என்று அது கண்டுபிடித்து ஒரு பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதே சுரத்தை வேறு குரலில் பாடும். புல்லாங்குழல் கேட்டால் புல்லாங்குழல், வயலின் கேட்டால் வயலின். கிட்டார் சிந்தசைசர் என்பார்கள். ரமணாசிரமம் பக்கத்தில் வாடகை அறையில் இரண்டு வருஷம் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனது. அவர் அறை இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொண்டவன் நான். அந்தப் பழக்கம்.

பெட்டியிலிருந்து வருவது எட்டுத் தடம் உள்ள டிஜிட்டல் ரெக்கார்டருக்குப் போகும். சத்தத்தை உருட்டித் திரட்டுகிற எஃபெக்ட் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒன்று, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். இன்னொன்று, நம்முடைய பத்துக்குப் பத்து அறையைக் கோயில் மண்டபம் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும். மற்றொன்று ஒரு குரலைப் பத்துக் குரலாக்கும். தந்தியைத் தட்டின அந்த 'டங்'கை மட்டும் வெட்டிவிட்டு, சத்தம் எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாமல் மெதுவாக எழும்பும்படியும் செய்யலாம். நான் இதில் கெட்டிக்காரன். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. என் முட்டாள்தனம் இந்தக் கெட்டிக்காரத்தனத்திலிருந்து வந்தது என்பதால் சொல்கிறேன்.

நீ பிறந்து வீட்டுக்கு வந்த வாரமே உனக்காக ஒரு சத்தம் செய்தேன். மூன்றே சுரம். ஒவ்வொன்றும் எழ நாலு விநாடி, அடங்கப் பன்னிரண்டு விநாடி. இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாக விரியும். அதைப் போட்டால் நீ அழுகையை நிறுத்திவிட்டு மேலே கூரையைப் பார்ப்பாய். பிறகு தூங்கிப்போவாய். உன் அம்மா முதல் தடவை கேட்டபோது, "சாம்பிராணி போட்ட மாதிரி வீடு பூரா பரவுதுங்க. எங்க இருந்து வருதுன்னே தெரியல" என்றாள். நான் அதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொண்டேன். பத்து மாதமாகத் தினமும் சாயங்காலம் அந்தச் சத்தம் நம் வீட்டில் ஓடுகிறது.

ஜூன் மாத ஆரம்பத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் கொதித்தாய். காய்ச்சல் விட்ட பிறகு ஒரு நாள் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ சீப்பைக் கடித்துக்கொண்டிருந்தாய். மறுபடி கூப்பிட்டேன். சீப்புதான் உனக்கு முக்கியமாக இருந்தது. காய்ச்சலில் சில குழந்தைகளுக்குக் காது போகும் என்று எங்கேயோ படித்தது அந்த நொடியில் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் காது சோதித்து எழுதிக் கொடுத்த சீட்டு ஃபைலில் இருந்தது. நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அது காய்ச்சலுக்கு முந்தைய அளவு என்று தள்ளிவிட்டேன்.

புத்தியுள்ளவன் மறுநாள் காலையில் டாக்டரிடம் போவான். எனக்குத்தான் கருவி இருக்கிறதே! பாயின் நடுவில் உன்னை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஸ்பீக்கரை வைத்து, உன்னுடைய அந்தச் சத்தத்தையே போட்டேன். நீ திரும்பவில்லை. போதவில்லை போல என்று எதிரொலியைக் கூட்டினேன். திரும்பவில்லை. சுரத்தை மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன், மண்டபத்தைப் பெரிதாக்கினேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், கொட்டாவி விட்டாய், சாய்ந்து படுத்துவிட்டாய். வேலை முடிந்து நான் வீடு திரும்புவது ஆறரை மணி. உனக்குக் கண் செருகுகிற நேரம். அதை யோசிக்கவில்லை. நீ தூங்கினால், விழிக்கிற வரை காத்திருந்து மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் எந்த எஃபெக்ட், எவ்வளவு அளவு என்று எழுதி, எதிரே 'திரும்பவில்லை' அல்லது 'தூங்கிவிட்டாள்' என்று எழுதினேன்.

இதில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. வேலையில் நான் இதைத் தினமும் செய்கிறேன்: யுபிஎஸ் மக்கர் செய்தால், அதில் மாட்டியிருக்கிற எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட்டு வெறும் பெட்டியைப் பார்ப்பேன். ஒரு பயிற்சிப் பையன் கழற்றாமல் பார்த்தால் கத்துவேன். வீட்டில், என் சொந்தப் பயத்தில், நேர் எதிராகச் செய்தேன். பதில் வராதபோது மேலே மேலே சேர்த்தேன். பயந்தவன் எதையும் கழற்ற மாட்டான், பாப்பா. நீயும் ஒரு நாள் பயப்படுவாய். அப்போது உன் கை எதையாவது சேர்க்கப் போகிறதா என்று பார். போகிறதென்றால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்.

பத்தாவது நாள் உன் அம்மா பிடித்துவிட்டாள். "என்னாங்க இது, தெனமும் கொழந்தைய நடுவுல வெச்சுக்கிட்டு? அவ என்ன உங்க பேட்டரியா?"

சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆனால் ஒரு நிமிடம்தான். நேராகச் சமையலறைக்குப் போய் எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து உன் முதுகுக்குப் பின்னால் போட்டாள். நீ துள்ளித் திரும்பி, உதட்டைப் பிதுக்கி, ஓவென்று அழ ஆரம்பித்தாய்.

"பாத்தீங்களா?"

"அது அதிர்வு. தரை வழியா போகும். அத காது கணக்குல சேத்துக்க முடியாது."

"பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சா அந்த ரூம்ல இருந்து தவழ்ந்து வர்றா. அது எந்தத் தரை வழியா வருது?"

"உன் கையப் பாத்திருப்பா."

"அந்த ரூம்ல இருந்து எப்படிங்க கை தெரியும்?"

பதில் இல்லாதபோது நான் பேசுகிற பேச்சு மோசமாக இருக்கும். இது நீ என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத குணம். உன் அம்மாவின் பெரியம்மா போளூரில் இருக்கிறார். பிறவியிலேயே காது கேட்காது. தையல் மிஷின் வைத்துத் தனியாகப் பிழைக்கிறவர். நான் சொன்னேன்: "உங்க வீட்லதான் ஏற்கெனவே ஒருத்தங்க இருக்காங்களே."

உன் அம்மா தட்டைக் குனிந்து எடுத்தாள். "பெரியம்மாவுக்குக் கேக்காது. அதனால இந்தப் பேச்செல்லாம் கேக்காம நல்லா இருக்காங்க. எனக்குக் கேக்குது" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னிடம் பேசியது, "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்" மட்டும்.

அந்த நாட்களில் ஒன்றை யோசித்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோஜனமில்லை. உனக்குக் காது கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் பயந்தபோது, உன் பள்ளிக்கூடத்தையோ, தெருவில் வண்டி வருவதையோ பற்றி முதலில் நினைக்கவில்லை. நான் செய்கிற சத்தத்தை நீ கேட்க மாட்டாயே என்றுதான் நினைத்தேன். பெரியம்மா உன் தொட்டில் போடுகிற விசேஷத்துக்கு வந்திருந்தபோது, நான் வாசித்துக்கொண்டிருந்த கிட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, முடிகிற வரை எடுக்கவே இல்லை. முடிந்ததும் விரலைச் சுழற்றி, இன்னும் வாசி என்று சைகை காட்டினார். 'அவங்களுக்கு என்ன தெரியப்போகுது' என்று நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். என் வாசிப்பை அவ்வளவு முழுசாக யாரும் அன்று கேட்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உனக்குக் கேட்காமல் போயிருந்தாலும் நீ நன்றாக வாழ்ந்திருப்பாய். உனக்கு வழி காட்ட அவர் இருந்தார். வழி தெரியாமல் நின்றிருக்கப்போகிறவன் நான்.

இன்று காலை உன் மாமா ஆட்டோவோடு வந்தான். உன் அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் வழக்கமாக நிறையப் பேசுவான். இன்று ஹாரனை அடித்துவிட்டு, "ஏறுங்க மாமா" என்றான்.

"எங்கடா?"

"ஆஸ்பத்திரிக்கு. அக்கா எல்லாம் சொல்லிடுச்சு."

"இன்னும் ரெண்டு நாள் சோதிச்சுட்டுப் போலாம்டா. நோட்டு முடியல."

"நாளன்னிக்குப் பௌர்ணமி. கிரிவலம் ஆரம்பிச்சுட்டா எந்த வண்டியும் உள்ள நகராது. அப்புறம் ஊரு காலியாகி நான் தூங்கி எழுந்துக்க சனிக்கெழம ஆயிடும். உங்க நோட்டுக்காக எங்க பாப்பா காத்திருக்கணுமா? ஏறுங்கன்றேன்ல."

அம்மா ஏற்கெனவே உன்னைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒட்டிக்கொண்டேன்.

காது பார்க்கிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். என் நோட்டை வாங்கி, இரண்டு பக்கம் புரட்டி, மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "எந்தச் சத்தத்த வெச்சு டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டார். போனில் வைத்திருந்தேன். காட்டலாம் என்று எடுத்தபோது, "அப்புறம் கேக்கறேன். மொதல்ல கொழந்தைய ஆடாம வெச்சுக்கணும். காதுக்குள்ள சின்னதா ஒண்ணு வெப்பேன். அழுதா அளக்க முடியாது" என்றார். நீயா ஆடாமல் இருப்பவள்? அவர் கையைத் தட்டிவிட்டாய், ஒயரை இழுத்தாய், கத்தினாய். அம்மா தோளில் போட்டாள், மாமா வெளியிலிருந்து எட்டிப் பார்த்து வித்தை காட்டினான். இருபது நிமிடம் போனது. கடைசியில் உன் அம்மா, என்னிடம் அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினாள்: "அந்தச் சாம்பிராணியப் போடுங்க."

போட்டேன். நீ அழுகையை நிறுத்தினாய். மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தாய். ஐந்து நிமிடத்தில் அம்மாவின் தோளில் தலை சாய்ந்துவிட்டது.

அந்த அம்மா கையில் கருவியோடு அப்படியே நின்றார். பிறகு என் நோட்டை மறுபடி திறந்து, ஒரு விரலைக் கீழே ஓட்டிக்கொண்டே போனார். 'தூங்கிவிட்டாள். தூங்கிவிட்டாள். தூங்கிவிட்டாள்.'

"சார், இதப் போட்டா கொழந்த தூங்குதுன்னா, இதக் கேக்குதுன்னுதானே அர்த்தம்?"

நான் சுவரைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"அதுவுமில்லாம, இது எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு எனக்கே தெரியல. எப்ப ஆரம்பிச்சதுன்னும் தெரியல. கொழந்த எந்தப் பக்கம் திரும்பும்? இந்த நாலு தடவ திரும்பியிருக்காளே, அது என்ன சத்தம்?"

அதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நாய் குரைத்தது. குக்கர் விசில். கட்டிங் பிளேயர் என் கையிலிருந்து விழுந்தது. பக்கத்து அறையில் உன் அம்மா சிரித்தது. நாலுக்கும் எதிரே, 'வெளிச்சத்தம், செல்லாது' என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்த அம்மா வாய்விட்டுப் படித்தார். உன் அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், "மேடம், இவருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. நாலு தடவ கூப்பிட்டாதான் ஹெட்ஃபோன கழட்டுவாரு" என்றாள்.

பிறகு அந்த அம்மா கருவியின் முனையை உன் காதுக்குள் வைத்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்காமல் இருப்பேனா? கருவி உள்ளே சின்ன 'டிக் டிக்' அனுப்பும். நல்ல காது அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காது, தானும் ஒரு மெல்லிய சத்தத்தைத் திருப்பி அனுப்பும். கருவி அளப்பது அதைத்தான். திரையில் வலது காதுக்குச் சின்னச் சின்னக் கம்பங்கள் எழுந்தன. இடது காதுக்கும் எழுந்தன. பத்து மாதமாக உனக்கு எதிரொலி செய்து போட்டேனே, உன் காதே ஒரு எதிரொலியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. யாரும் கூட்டிக் குறைக்காதது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மாமா கதவிடுக்கிலிருந்து, "மாமா அழுவுறாரு அக்கா" என்று ஊருக்குச் சொன்னான்.

நீ எழுந்த பிறகு அவர் உன் முதுகுக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு கிலுகிலுப்பையை லேசாகத் தட்டினார். இடது பக்கம் திரும்பினாய். வலது பக்கம் தட்டினார். வலது பக்கம் திரும்பினாய். அவ்வளவுதான். இருபத்து மூன்று நாள்!

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்பதும் வயரிங் படம் படிக்கிற மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் கேட்டேன். அவள் உனக்குப் பருப்பு சாதம் பிசைந்துகொண்டே, "எங்கிட்ட கேட்டது சரி. பெரியம்மாகிட்ட?" என்றாள்.

"அவங்கதான் கேக்கலையே."

"நீங்க சொன்னீங்கல்ல."

"அவங்களுக்கு எப்படிச் சொல்றது?"

"எழுதிக் காட்டுங்க. நோட்டு நோட்டா எழுதுறீங்களே."

பாப்பா, ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள். நீ நம்புகிற ஒருவர் தட்டைப் போட்டுக் காட்டினால், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினால், அது உன் கருவியில் வரவில்லை என்பதற்காகச் செல்லாது என்று எழுதாதே. நான் எழுதினேன். உனக்குக் காது கேட்கிறது என்று இந்த வீட்டில் நாயிலிருந்து குக்கர் வரை எல்லாம் எனக்குச் சொல்லிவிட்டன. எனக்குத் தெரியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், நான் என் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

மூன்று மணிக்கு நீ பாயில் உட்கார்ந்திருந்தாய். வாயில் அதே சீப்பு. நான் கிட்டாரை எடுத்தேன். ஒயர் மாட்டவில்லை. பெட்டி, ரெக்கார்டர் இரண்டும் அணைந்திருந்தன. உன் பின்னால் வலது பக்கம் தள்ளி உட்கார்ந்து, மூன்றாவது தந்தியை ஒரே ஒரு தட்டு. 'டங்'. மெலிந்த சத்தம், அழகே கிடையாது, தொடங்கின கையோடு முடிந்துவிட்டது. நீ வலது பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாய். சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினாய். இதை நோட்டில் ஏற்றவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. நோட்டைக் கிழிக்க மாட்டேன். இந்தக் கடிதத்தோடு உன் கையில் வரும். 'செல்லாது' என்று எழுதின நாலு இடத்தையும் சிவப்பு மையால் திருத்தி வைப்பேன்.

2. ஞாயிற்றுக்கிழமை போளூர். பெரியம்மா முன்னால் உட்கார்ந்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக் காட்டுவேன். பிறகு கிட்டாரை மடியில் வைத்துக்கொள்வேன். அவர் கை வைத்தால், எடுக்கிற வரை வாசிப்பேன்.

3. உன் தூக்கச் சத்தம் அப்படியே இருக்கும். தூங்குவதற்கு மட்டும்.

4. ரெக்கார்டரில் ஒரு தடத்தைக் காலி செய்து, நீ திரும்பிப் பார்த்த சத்தங்களை எஃபெக்ட் இல்லாமல் பதிவேன். குக்கர் விசில், பிளேயர், கிடைத்தால் அந்த நாய். உன் அம்மாவின் சிரிப்புக்கு நான் அசடு வழிந்தால் போதும், அது சுலபம்.

5. ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டு இல்லாமல் போவேன்.

6. வீட்டுக்குள் ஹெட்ஃபோன் ஒரு காதில் மட்டும்.

7. உன் அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள். முதல் தடவைதான். எழுந்து போகிறேன்.